ஓட்டமும் நிறுத்தமும்: பழைய நகரங்களை ஓடிக்கொண்டே காட்டுவது

நடைச் சுற்றுலாவுக்காக எழுதிவைத்த பன்னிரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு, நடப்பதற்குப் பதிலாக ஓடினால் என்ன கிடைக்கும்? வியர்த்து நிற்கும் ஒரு கூட்டமும், பாதி மட்டும் காதில் விழுந்த சரித்திரமும். வரலாற்றுச் சின்னங்களை ஓடிக்கொண்டே பார்க்கும் ‘ரன்னிங் டூர்’ இன்று பல நகரங்களில் நடக்கிறது. அவற்றில் சொதப்புகிறவை பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான் சொதப்புகின்றன.

ஓடினால்தான் பிடிபடுகிற சங்கதிகள் சில உண்டு: தூரம், மேடு, வளைவு. பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு இந்த மூன்றும் தெரியவே தெரியாது. ஓடுகிறவரின் கால் உடனே கணக்கெடுத்துக்கொள்ளும். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தச் சின்னம் புகழ்பெற்றது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தச் சின்னத்தின் கதையில் தூரமும் ஒரு பாத்திரம் என்று பாருங்கள்.

ரோமின் சர்க்கஸ் மேக்சிமஸை எடுத்துக்கொள்வோம். ரதப் பந்தயம் நடந்த அந்த மைதானம் இன்று புல் முளைத்த நீண்ட பள்ளம். நடந்து வருகிறவர்கள் கரையில் நின்று, ‘இங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீளம் சுமார் 620 மீட்டர், அகலம் ஏறத்தாழ 120 மீட்டர். பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் ஓடினால் 4 நிமிடம் 20 விநாடி பிடிக்கும். திரும்பி ஓடி வந்து மூச்சு வாங்கும்போது, ஒரு பந்தயத்துக்கு இதுபோல 7 சுற்று என்று மட்டும் சொல்லுங்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. கொலோசியம் அப்படியல்ல, அதன் உள்ளே காட்ட வேண்டியவை ஏராளம். ஓட்டக்காரருக்கு வெளிச்சுற்று போதும், அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளே போவது இன்னொரு நாள் வேலை.

பழைய நகரம் என்றால் பெரும்பாலும் ஒரு மதில் இருந்திருக்கும். ஓட்டச் சுற்றுலாவுக்கு மதிலைப்போலத் தோதான பொருள் வேறில்லை. மதில் நின்றால் அதன்மேல் ஓடலாம், இடிந்திருந்தால் அது நின்ற தடத்தில் ஓடலாம். இத்தாலியின் லூக்காவில் மதில் முழுதாக நிற்கிறது. மேலே மரம் நட்ட அகலமான பாதை, ஒரு சுற்று சுமார் 4.2 கிலோமீட்டர். சீனாவின் சியான் நகரில் மிங் அரசமரபுக் காலத்து மதிலின்மேல் ஒரு சுற்று ஏறத்தாழ 13.7 கிலோமீட்டர். ஆனால் அது டிக்கெட் வாங்கி ஏறுகிற இடம். திறக்கும் நேரத்தைப் பார்க்காமல் ‘விடியற்காலை ஓட்டம்’ என்று அறிவித்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வியன்னாவில் பேரரசர் பிரான்ஸ் யோசப் 1857-இல் மதிலை இடிக்க உத்தரவிட்டார். அந்த இடத்தில் 1865-இல் திறந்த ரிங்ஸ்ட்ராஸே என்ற சாலை இன்றைக்கும் பழைய நகரத்தை வளைத்துக்கொண்டு ஓடுகிறது, சுமார் 5 கிலோமீட்டர். போலந்தின் கிராக்கோவில் 19-ஆம் நூற்றாண்டில் மதிலை எடுத்துவிட்டு ஒரு பூங்கா வளையம் அமைத்தார்கள். பிளான்டி என்று பெயர், ஒரு சுற்று சுமார் 4 கிலோமீட்டர், புதியவர்களை அழைத்துப்போக ஏற்ற தூரம்.

பெர்லின் சுவர் 1989-இல் திறந்தது. அது நின்ற தடத்தை நகர மையத்தில் இரட்டை வரிசைக் கற்களாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். அந்த வரிசையை இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு 200, 300 மீட்டர் ஓடச் சொல்லுங்கள். ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் விழும். அந்த நேரத்தில் வழிகாட்டி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. தடம் வண்டிச் சாலைக்குள் இறங்கும் இடங்கள் வரும். அங்கே நடைபாதைக்கு மாறிவிட வேண்டும். தரையையே பார்த்து ஓடுகிறவர் எதிரே வரும் சைக்கிளைப் பார்க்கமாட்டார்.

தூரம் கண்ணை ஏமாற்றுவதையும் கதையாக்கலாம். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்திலிருந்து நாடாளுமன்றக் கட்டடம்வரை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளமான வெட்டவெளி. நடுவில் நிற்கும் 169 மீட்டர் உயர வாஷிங்டன் ஸ்தூபியின் அளவை மட்டிட அக்கம்பக்கத்தில் உயரமான கட்டடம் எதுவும் கிடையாது. ‘இதோ பக்கத்தில்தான்’ என்று புதியவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். ஐந்து நிமிடம் கழித்தும் அது அதே தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இது ஒரு வேடிக்கை. சொல்லாவிட்டால் களைப்பு.

கணக்கு எங்கே தப்புகிறது

ஓட்ட நேரத்தை மட்டும் கணக்கிடுவதுதான் முதல் தவறு. 6.5 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 7 நிமிடம், ஆக 45 நிமிடம், ‘ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்’ என்று எழுதிவிடுகிறார்கள். 8 நிறுத்தம், ஒவ்வொன்றும் 90 விநாடி என்றால் 12 நிமிடம். சாலை கடக்கக் காத்திருப்பது 5 நிமிடம். தொடக்கத்தில் பேர் சரிபார்த்துப் பாதுகாப்பு விஷயங்களைச் சொல்ல 4 நிமிடம். கடைசியில் படம் எடுக்க 3 நிமிடம். மொத்தம் 70 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பின் அலுவலகம் போகிறவர்களும் ரயில் பிடிக்கிறவர்களும் குழுவில் இருப்பார்கள். ஆகையால் 75 நிமிடம் என்று அறிவித்துவிட்டு 70-இல் முடியுங்கள்.

தூரத்தை ஜி.பி.எஸ். கடிகாரத்தை நம்பி அறிவிப்பது இரண்டாவது தவறு. பழைய நகரத்தின் குறுகிய சந்துகளில் செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், கடிகாரம் நீங்கள் வீடுகளுக்குள் புகுந்து வெளியே வந்ததாக வரைந்து காட்டும். நேராக ஓடிய தெருவைக் கோணல்மாணலாக வரைந்தால் தூரமும் கூடுதலாகத்தான் வரும். வரைபடத்தில் தெருவின் நடுக்கோட்டைப் பிடித்து அளந்த தூரமே நம்பகமானது.

வேகத்துக்கு ஒரே சோதனைதான்: முழு வாக்கியம் பேச முடிகிறதா? இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இந்தச் சோதனை வருகிறவர்களைவிட வழிகாட்டிக்கே முக்கியம். தனியாக நிதானமாக ஓடும்போது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால், குழுவோடு போகையில் 7 நிமிடத்தைவிட வேகமாகப் போகக்கூடாது. மூச்சிரைக்கப் பேசுகிறவரிடம் ஆண்டு எண் கேட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

பதிவு செய்யும்போது ‘தொடக்க நிலையா, இடைநிலையா’ என்று கேட்பதில் பயனில்லை. ஐந்தரை நிமிட வேகத்தில் ஓடுகிறவர் அடக்கமாகத் தொடக்க நிலை என்பார். வருடத்துக்கு இரண்டு முறை ஓடுகிறவர் இடைநிலை என்பார். ‘கடந்த மாதம் தொடர்ந்து 5 கிலோமீட்டர் ஓடினீர்களா, எத்தனை நிமிடத்தில்?’ என்று கேட்டால் உண்மை வந்துவிடும். அப்படியும் ஒன்றிரண்டு பேர் தப்பி வருவார்கள். வேகமானவர்களை நிறுத்தத்திலிருந்து திருப்பி அனுப்பி, கடைசி ஆளைத் தொட்டுவிட்டு வரச் சொல்லலாம். அவர்களுக்கும் கூடுதல் தூரம் கிடைக்கும், பின்னால் வருகிறவருக்கும் துணை கிடைக்கும். மெதுவானவர்களுக்காக ஒவ்வொரு 2 கிலோமீட்டருக்கும் பேருந்தோ ரயிலோ பிடிக்கக்கூடிய ஒரு விலகும் இடத்தைக் குறித்துவைத்து, அதைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிற்பாடு ஒருவரை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னால் அவருக்கு அவமானமாகப் போய்விடும்.

ஒரு வழிகாட்டிக்கு 8 பேர் தாராளம். அதற்கு மேல் போனால் கடைசியில் வர இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும், அவருக்கும் வழி முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். 8 பேர் ஒற்றை வரிசையில் நீண்டால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 30 மீட்டர் இடைவெளி விழும். 7 நிமிட வேகத்தில் அது 12 விநாடிக்கு மேல். முதல் ஆள் பச்சையில் இறங்கிச் சாலையைக் கடந்து முடிக்கும்போது கடைசி ஆளுக்குச் சிவப்பு விழுந்திருக்கும். அவர் குழுவை விட்டுவிடக் கூடாதே என்று ஓடிக் கடப்பார். ஓட்டச் சுற்றுலாவில் நான் பெரிதாக அஞ்சுவது இந்தக் கணத்தைத்தான். சிக்னலுக்கு 20 மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டிரண்டு பேராகச் சேர்த்துக்கொண்டு ஒன்றாகக் கடக்க வேண்டும். பச்சை ஏற்கெனவே விழுந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், அடுத்த பச்சைக்கு நில்லுங்கள். அந்த 40 விநாடியில் ஒரு குட்டிக் கதையே சொல்லிவிடலாம்.

நிற்கும் இடம், நிற்கும் நேரம்

நிறுத்தம் 60-இலிருந்து 90 விநாடி. இரண்டு நிமிடம் தாண்டினால் கால் மாற்றி நிற்கத் தொடங்குவார்கள், மூன்று நிமிடத்தில் வியர்வை குளிர்ந்து சட்டை முதுகில் ஒட்டும், குளிர்நாட்டில் அதற்கு முன்பே பல் கிட்டும். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 600-இலிருந்து 900 மீட்டர் இருந்தால் ஓட்டம் ஓட்டமாக இருக்கும். 200 மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தினால் யாருக்கும் உடம்பு சூடாவதில்லை, யாருடைய மனமும் ஒரு நிலைக்கு வருவதில்லை. சின்னங்கள் நெருக்கமாகக் கூடியிருக்கும் சதுக்கமா? அங்கே ஓட்டத்தையே விட்டுவிட்டு ஐந்து நிமிடம் நடந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிட்டு மறுபடி ஓடுங்கள். ஓட்டமும் நடையுமாகப் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

தொடங்கும் இடத்தில் பத்து நிமிடம் நகரத்தின் வரலாற்றைப் பேசுவது பரவலான பழக்கம். அதை விட்டுவிடலாம். ஓட வந்தவர் ஓடத்தான் துடிப்பார். அவசியமானதை மட்டும் சொல்லிவிட்டு, முதல் ஒரு கிலோமீட்டரை நிறுத்தாமல் மெதுவாக ஓடுங்கள், வார்ம்-அப்பும் அதிலேயே முடிந்துவிடும். முதல் கதையை அதற்குப் பிறகு எடுத்தால் காது திறந்திருக்கும்.

மேட்டுக்கு அடியில் நிறுத்தக் கூடாது. நின்று ஆறிய கெண்டைக்காலோடு நேராகச் செங்குத்தில் ஏறினால் தசை பிடித்துக்கொள்ளும். ஏறி முடித்த பின் உச்சியில் நிறுத்துங்கள். அங்கேயும் வந்ததும் பேசத் தொடங்காதீர்கள்; அரை நிமிடம் காட்சியைப் பார்க்க விட்டால் அவர்களுக்கு மூச்சு திரும்பும், உங்களுக்கும் திரும்பும். படிக்கட்டில் இறங்குவது எப்போதும் நடைதான். ரோமின் ஸ்பானிஷ் படிகள் 130-க்கும் மேல்; தேய்ந்த கல்லில் ஓடி இறங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்தப் படிகளில் உட்காரவும் 2019 முதல் தடை இருக்கிறது. ‘கொஞ்சம் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் முன் இப்படிப்பட்ட உள்ளூர் விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிற்கும் அமைப்பில் குழு சுவர்ப் பக்கம், வழிகாட்டி தெருப் பக்கம். அப்போதுதான் சைக்கிளோ தள்ளுவண்டியோ வருவதை அவர் பார்க்க முடியும், நடைபாதையும் அடைபடாது. குரலும் சுவரில் பட்டுத் திரும்பிக் குழுவுக்கே கேட்கும். சூரியன் குழுவின் முதுகுக்குப் பின்னால் இருப்பது நல்லது. இரண்டும் ஒத்துவராத இடத்தில் சுவர்ப் பக்கத்துக்கே முன்னுரிமை. கண் கூசினால் கையை வைத்து மறைத்துக்கொள்ளலாம்.

நீரூற்று, அருவி, போக்குவரத்துச் சந்திப்பு ஆகியவற்றின் முன்னால் நின்று கத்துவதில் அர்த்தமில்லை. ரோமின் டிரெவி நீரூற்று போன்ற இடத்துக்கு 100 மீட்டர் முன்னால் ஒரு சந்தில் நின்று கதையை முடித்துவிடுங்கள். பிறகு வளைவைத் திரும்பியதும் அது கண்ணில் படட்டும். சொல்லிவிட்டுக் காட்டுவது பெரும்பாலும் காட்டிவிட்டுச் சொல்வதைவிட நன்றாக எடுபடுகிறது. கண் முன்னால் பெரிய பொருள் வந்தபின் யாரும் பேச்சைக் கவனிப்பதில்லை. கை தானாகக் கைபேசிக்குப் போகும்.

எதைச் சொல்வது

ஓர் இடத்துக்கு ஒரு செய்தி. அது அங்கேயே, அப்போதே, கண்ணால் சரிபார்க்கக்கூடிய செய்தியாக இருந்தால் உத்தமம். வாஷிங்டன் ஸ்தூபியைப் பற்றிச் சொல்ல நூறு விஷயங்கள் உண்டு. ஆனால் சுமார் 46 மீட்டர் உயரத்தில் கல்லின் நிறம் மாறுவதை ஓடிக்கொண்டே பார்க்கலாம். 1850-களில் பணமும் அரசியலும் சிக்கலாகி வேலை நின்றுபோனது. உள்நாட்டுப் போரும் வந்துபோயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தொடர்ந்தபோது கல் வேறு சுரங்கத்திலிருந்து வந்தது. 1884-இல் கட்டி முடித்தார்கள். இதை ஸ்தூபியின் அடியில் நின்று சொன்னால் கழுத்து வலிக்கும். லிங்கன் நினைவகத்தின் முன்னுள்ள நீர்த் தடாகத்தின் ஓரமாக, 600 மீட்டர் நேர்ப்பாதையில் எதிரே பார்த்து ஓடும்போது சொல்ல வேண்டும்.

லிங்கன் நினைவகத்தில் நிற்க வேண்டிய இடம் சிலைக்கு முன்னால் அல்ல, 18 படி கீழே. 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படித்தளம் அது. 2003-இல் கல்லில் எழுத்து பொறித்திருக்கிறார்கள். குழுவைச் சிலைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, அவர் பார்த்த திசையில் பார்க்கச் சொல்லுங்கள். உரை விளக்கம் எதுவும் வேண்டாம்.

இஸ்தான்புல்லின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் எகிப்திலிருந்து வந்த தூணை 390-இல் பேரரசர் தியோடோசியஸ் நிறுத்தினார். இன்று அதன் அடிப்பீடத்தைப் பார்க்க வேண்டுமானால் தரைமட்டத்துக்குக் கீழே குனிய வேண்டும். தூண் இறங்கவில்லை, சுற்றியுள்ள நிலம் மேலேறிவிட்டது. ‘நாம் எத்தனை மீட்டர் மண்மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம்’ என்ற ஒரு கேள்வி, பைசாந்தியப் பேரரசர்களின் பட்டியலைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

கட்டுக்கதை சொல்வதில் தவறில்லை. அது கட்டுக்கதை என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. குதிரைமேல் அமர்ந்த வீரனின் சிலையில் குதிரை எத்தனை காலைத் தூக்கியிருக்கிறது என்பதை வைத்து அவன் எப்படி இறந்தான் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். அப்படி எந்தப் பொதுவிதியும் சிற்பிகளிடம் இருந்ததில்லை. லண்டனில் 1894-இல் திறந்த டவர் பிரிட்ஜைத்தான் பலரும் லண்டன் பிரிட்ஜ் என்று நினைக்கிறார்கள். 1831-இல் திறந்த உண்மையான லண்டன் பிரிட்ஜ் 1968-இல் விற்கப்பட்டு, கல் கல்லாகக் கழற்றி அமெரிக்காவின் அரிசோனாவில் மறுபடி எழுப்பப்பட்டது. வாங்கியவர் டவர் பிரிட்ஜ் என்று நினைத்து ஏமாந்து வாங்கினார் என்பது நல்ல கதை, ஆதாரம் கிடையாது. அந்த டவர் பிரிட்ஜ் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முறை கப்பலுக்காகத் திறக்கிறது. திறக்கும் நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். பார்க்காமல் போனால் குழு இந்தக் கரையில் நிற்கும், பாதி அந்தக் கரையில் நின்றால் இன்னும் வம்பு. பார்த்துவிட்டுப் போனால், அதுவே அன்றைய சிறந்த நிறுத்தமாகவும் அமையலாம்.

பழைய படங்களைக் காட்டக் கைபேசி ஒத்துவராது. வெயிலில் திரை தெரியாது, 8 பேரும் எட்டிப் பார்க்கவும் முடியாது. நோட்டுப் புத்தகத்தின் பாதி அளவில் அச்சிட்டு, பளபளப்பில்லாத தாளால் லேமினேட் செய்த நான்கைந்து அட்டைகள் இடுப்புப் பையில் அடங்கும். சின்னத்தைச் சுற்றிச் சாரம் கட்டிப் பராமரிப்பு நடக்கிற நாளில் இந்த அட்டைதான் மானத்தைக் காப்பாற்றும்.

வெளிச்சம், தரை, மற்றவை

கூட்டம் வருவதற்கு முன், விடிந்து அரை மணிக்குள் தொடங்குவதே வழக்கம். அப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்பதை வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். பழைய கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில் பலிபீடம் கிழக்கே, முகப்பு மேற்கே. பாரிஸின் நோத்ர தாம் அப்படித்தான். காலையில் அதன் புகழ்பெற்ற இரட்டைக் கோபுர முகப்பு நிழலில் கிடக்கும், பின்புறம் ஒளிரும். ஆக, காலை ஓட்டத்தில் பின்பக்கமாக வந்து சேருங்கள், மாலை ஓட்டத்தில் முன்பக்கமாக. ரோமின் புனித பேதுரு பேராலயம் இதற்கு நேர்மாறு; முகப்பு கிழக்கு நோக்கியது, விடியலுக்கு உரியது. லிங்கன் நினைவகமும் கிழக்கு பார்த்ததுதான்.

இரவு ஓட்டம் என்றால் அலங்கார விளக்கு எப்போது அணையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈபிள் கோபுரத்தின் விளக்குகளை 2022 செப்டம்பரிலிருந்து இரவு 11.45-க்கே அணைக்கத் தொடங்கினார்கள். பழைய தகவலை நம்பி நள்ளிரவுக்குப் போய் நின்றால் இருட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கலாம்.

தரைதான் காயத்துக்குப் பெரிய காரணம். ரோமின் தெருக்களில் பாவிய சிறு பசால்ட் கற்கள் மேலே லேசாக உப்பலாக இருக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பள்ளம். காய்ந்திருந்தால் கணுக்காலைத் திருப்பும், நனைந்தால் வழுக்கும். உயரமான மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட பந்தய ஷூக்கள் இங்கே ஆடும். அடிப்பாகம் அகலமாக, தாழ்வாக, ரப்பர் முழுதாக ஒட்டிய சாதாரண ஷூ போதும். கல்தெருவில் காலடியின் நீளத்தைக் குறைத்து, பாதத்தைத் தட்டையாக வைத்து, ஆறேழு அடி முன்னால் தரையைப் பார்த்து ஓட வேண்டும். அதாவது அங்கே மேலே நிமிர்ந்து பார்க்கச் சொல்லக் கூடாது. ‘வலதுபுறம் இரண்டாவது மாடியைப் பாருங்கள்’ என்று ஓட்டத்திலேயே சொல்வதெல்லாம் சமதளத்தில் மட்டும். டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் பாதம் பள்ளத்தில் மாட்டும், கூடியவரை நேர்க்குறுக்காகக் கடக்கவும். மழைநாளில் இரும்பு மூடிகளும் தண்டவாளமும் சோப்பு போட்டதுபோல இருக்கும்.

பாரிஸின் ஷான்ஸெலிஸே 1.9 கிலோமீட்டர் நீளம், வெற்றி வளைவை நோக்கி மெல்ல ஏறும். படத்தில் பார்த்தால் சமதளம்போல இருக்கும், கால் நம்பாது. மேலே 12 சாலைகள் கூடும் வட்டத்தை ஒருபோதும் சாலை வழியாகக் கடக்க முயலக் கூடாது. வளைவுக்குப் போகச் சுரங்கப்பாதை இருக்கிறது. குழுவோடு அதில் இறங்கி ஏறுவது நேரம் தின்னும். இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது உத்தமம். 1806-இல் நெப்போலியன் கட்டச் சொன்னது, 1836-இல்தான் முடிந்தது என்பதைத் திரும்பும் இறக்கத்தில் சொல்லலாம்.

ஓடக் கூடாத இடங்களும் உண்டு. கல்லறைகள், போரில் மாண்டவர்களின் பெயர் பொறித்த சுவர்கள், படுகொலை நினைவிடங்கள். பெர்லினில் 2,711 கான்கிரீட் கற்கள் நிற்கும் யூதப் படுகொலை நினைவிடத்தின் இடுக்குகளுக்குள் வியர்த்த உடம்போடு பாய்ந்து போவது அநாகரிகம். 50 மீட்டர் முன்னால் ஓட்டத்தை நிறுத்தி, சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லி முடித்து, உள்ளே பேசாமல் நடந்து போய், வெளியே வந்த பின் மறுபடி ஓடுங்கள். வழிபாடு நடக்கும் இடத்தின் வாசலுக்கும் இது பொருந்தும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு குழுவை அழைத்துச் சென்றால் அது தொழில். சில நாடுகளில் வழிகாட்டிக்கு உரிமம் கட்டாயம். பூங்காக்களும் நினைவிட வளாகங்களும் தொழில்முறைக் குழுக்களுக்குத் தனி அனுமதி கேட்பதுண்டு. இலவசமாக நடத்தினாலும் காப்பீட்டைப் பற்றி யோசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வழியைக் குறைந்தது மூன்று முறை ஒத்திகை பார்க்க வேண்டும். முதல் முறை நோட்டுப் புத்தகத்தோடு நடந்து. இரண்டாம் முறை, டூர் நடக்கப்போகும் அதே கிழமையில் அதே நேரத்தில் ஓடி. சந்தை நாள், குப்பை வண்டி நேரம், பூங்காக் கதவு திறக்காத நேரம் எல்லாம் அப்போதுதான் வெளிப்படும். மூன்றாம் முறை, ஊரை அறியாத ஒருவரோடு. எங்கே குழம்புகிறார் என்பதை அவர் முகமே சொல்லிவிடும்.

வழிகாட்டியின் பையில் சார்ஜ் நிறைந்த கைபேசி, ஒரு கிரேப் பேண்டேஜ், கொப்புளத்துக்கும் சிராய்ப்புக்கும் ஒட்டுகள், கொஞ்சம் சர்க்கரை மிட்டாய், ஒவ்வொருவரின் அவசரத் தொடர்பு எண். இவற்றோடு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரான தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். ஆம்புலன்ஸை அழைக்கும்போது ‘பெரிய சிலைக்குப் பக்கத்தில்’ என்பது முகவரி ஆகாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், சமீபத்திய அறுவைசிகிச்சை பற்றிப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். இடி கேட்டால் கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழிந்தே வெளியே வரலாம், அதற்குள் டூர் நேரம் முடிந்திருக்கும் என்பதால் ரத்து செய்வதே நேர்மை.

பணம் கட்டிப் போகிறவர் முன்கூட்டியே கேட்க வேண்டியவை நான்கே: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், கிலோமீட்டருக்கு எத்தனை நிமிட வேகம், பையை எங்கே வைப்பது, எங்கே முடிகிறது. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மற்ற ஏற்பாடுகளும் அரைகுறையாகத்தான் இருக்கும். தொடங்கிய இடத்திலேயே முடியும் வளையப் பாதையில் பைப் பிரச்சினை கிடையாது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிற பாதையில் அதிக நகரத்தைப் பார்க்கலாம், ஆனால் ஈரச் சட்டையோடு ரயிலேறித் திரும்ப வேண்டியிருக்கும்.

கடைசி 500 மீட்டரை நடையாக வையுங்கள். உடம்பு ஆறும், கதையும் ஆறும். கேள்விகள் அப்போதுதான் வரும். எந்த நிறுத்தத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று குழுக்கள் அடுத்தடுத்து ஒரே நிறுத்தத்தைக் கேட்காமல் விட்டால் அதை வழியிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சமாகும் 90 விநாடியை முந்தைய இடத்துக்குக் கொடுக்கலாம்.